சொல்லாமல் எழும்பி வந்த வீடு

வேலைக்கான நேர்முகத்தில் அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இந்த அறையில் எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை?"

அந்த அறையில் எடுப்பதற்கு என்ன இருந்தது? நீளமான மேசைகள், சில கதிரைகள், வெள்ளைச் சுவர், சுவரில் ஒரு மணிக்கூடு. ஜன்னலுக்கு வெளியே ஹாக்னி கால்வாய். நான் அன்று விடிய ஐந்து மணிக்கு எழும்பி, ஒரு சூப்பர் மார்க்கெட்டில் காலை ஷிப்ட் முடித்து, சாப்பிடாமல் நேரே வந்திருந்தேன். எனக்குப் பசி வந்தால் மரியாதை போய்விடும். "அந்த மணிக்கூடு" என்றேன். "வந்ததிலிருந்து தலைக்குள் அடிக்கிறது."

அவர் எழுந்து போய் மணிக்கூட்டைக் கழற்றி, பற்றரியை எடுத்து, இரண்டையும் மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். பிறகு வந்து இருந்து, "திங்கட்கிழமை வர முடியுமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு இருபத்தொரு வருடம் அந்த அறையில் மணிக்கூடு இருக்கவில்லை. நேரம் தெரியவேண்டுமென்றால் சுவரில் வெயில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். லண்டனில் வருடத்துக்கு எத்தனை நாள் அப்படிப் பார்க்கலாம் என்று உங்களுக்கே தெரியும்.

அவர் ஜப்பானியர், கட்டடக்கலைஞர். நான் யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞராகப் படித்தவள். லண்டனுக்கு ஒரு கலியாணத்துக்காக வந்தேன். கலியாணம் ஆறு வருடத்தில் முடிந்துவிட்டது, லண்டன் முடியவில்லை. பிள்ளைகள் இல்லை. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு அக்கா, ஒன்றுவிட்ட அக்கா, குடும்பத்தோடு இருக்கிறா. வால்தம்ஸ்டோவில் ஒரு படுக்கையறை வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். என்னைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 'மினிமலிஸ்ட்', குறைவை விரும்புகிறவர், என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் அவருக்கு முகம் சுருங்கும். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதற்குக் காரணம் சொன்னார். அவர் பிறந்தது ஒரு சிறிய துறைமுக ஊர். தகப்பன் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறவர். டிக்கெட் கந்தோருக்கு மேலே ஒரே அறையில் ஆறு பேர். இரவில் அறை முழுக்கப் படுக்கை, கால் வைக்க இடமிருக்காது. காலையில் தாய் ஆறு படுக்கையையும் மடித்துச் சுவர் அலுமாரிக்குள் அடுக்கிவிட்டுத் தரையைத் துடைப்பார். பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் அறையில் ஒன்றும் இருக்காது, ஜன்னல் வெளிச்சம் மட்டும் தரையில் கிடக்கும். "அந்த ஒன்றுமில்லாததை என் தாய் ஒவ்வொரு நாளும் கையால் செய்தார்" என்றார். "குறைவு இல்லை அது. வேலை."

எனக்கு அது விளங்கக் கனகாலம் எடுத்தது. அவருடைய வீடுகளின் படங்களை முதன்முதலில் பார்த்தபோது, இடம்பெயர்ந்து ஆட்கள் போன பிறகு இருக்கும் வீடுகளைத்தான் நினைத்தேன். அப்படியான வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானே ஒன்றை விட்டுவிட்டு வந்தவள். கையில் ஒரு பையோடு வந்தவளிடம் வெறும் அறையைக் காட்டி அழகு என்றால் கோபம் வராதா? வந்தது. வாய்விட்டும் சொன்னேன். அவர் அதற்குக் கோபிக்கவில்லை. படத்தைத் திருப்பித் தன் பக்கம் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வேலை கணினியில் தொடங்குவதில்லை. சாம்பல் நிற அட்டையில் வீட்டின் மாதிரி ஒன்றை வெட்டி ஒட்டுவேன், ஒரு சூட்கேஸ் அளவுக்கு. அதை ஜன்னலடியில் வைத்து, காலையிலும் பின்னேரமும் உள்ளே வெளிச்சம் எங்கே விழுகிறது என்று குனிந்து பார்ப்போம். வெள்ளிக்கிழமைகளில் ஒரு சடங்கு. அப்போது அலுவலகத்தில் ஐந்து ஆறு பேர் இருந்தோம். ஒவ்வொருவரும் மாதிரியிலிருந்து ஒரு பொருளைக் கையால் எடுத்துவிடவேண்டும். ஒரு கதவு, ஒரு தட்டு, ஒரு அரைச்சுவர். ஏன் என்று சொல்லத் தேவையில்லை. திங்கட்கிழமை வந்து பார்க்கும்போது அது இல்லாத குறை யாருக்கும் தெரியாவிட்டால் அது போனதுதான். ஒரு தரம் கட்டட அனுமதிக்காகக் கவுன்சிலோடு ஒரு கிழமை முழுக்கக் கடிதச் சண்டை பிடித்த களைப்பில், அவர் மேல் இருந்த எரிச்சலில், நான் குளியல் தொட்டியையே பிய்த்தெடுத்தேன். திங்கட்கிழமை பார்த்தால் தொட்டி குளியலறையில் இல்லை, அதைத் தோட்டத்து ஜன்னலடியில் அவர் ஒட்டியிருந்தார். வீடு கட்டி முடிந்த பிறகு அந்தத் தொட்டியைப் படம் எடுக்கப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். கோபத்தில் நான் செய்ததில் உருப்பட்டது அது ஒன்றுதான்.

வால்தம்ஸ்டோவில் ஒரு தமிழ் டொக்டர் தம்பதிக்கும் வீடு கட்டினோம். அந்த அம்மாவின் சமையலறையில் உள்ளதெல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வரும்படி என்னை அனுப்பினார். நாலு பக்கம் எழுதினேன். பிரஷர் குக்கர் மூன்று, இடியப்ப உரல், புட்டுக்குழல், ஐஸ்கிரீம் டப்பாவில் மிளகாய்த்தூள், மாஜரின் டப்பாவில் பெருஞ்சீரகம். பாதியைக் குப்பையில் போடச் சொல்லப்போகிறார், நான் நடுவில் நின்று வாங்கிக் கட்டப்போகிறேன் என்று நினைத்தேன். அவர் நாலு பக்கத்தையும் வாசித்துவிட்டு, புட்டுக்குழலின் உயரம் என்ன என்று கேட்டார். பிறகு வீட்டின் ஒரு பக்கச் சுவர் முழுவதையும் அலுமாரியாக வரைந்தார். கைபிடி இல்லாத கதவுகள், தள்ளினால் திறக்கும். ஒரு டப்பாவும் வெளியே போகவில்லை. குடிபோன மாதம் அந்த அம்மா என்னைப் பிடித்துக்கொண்டா. "உப்பு எந்தக் கதவுக்குப் பின்னாலை எண்டு தேடித் தேடியே நான் மெலிஞ்சிட்டன், தங்கச்சி. உம்மட ஆளை ஒருக்கா வந்து காட்டச் சொல்லும்."

அலுவலகத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. பின்னேரம் புறப்படுகிறவர் அவருடைய மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று, "உங்களுக்கு முன்னால் போகிறேன், மன்னியுங்கள்" என்று சொல்லவேண்டும். அவருடைய நாட்டில் எல்லா வேலைத்தலங்களிலும் அப்படித்தானாம். அவர் பென்சிலை வைத்துவிட்டு, தலை நிமிர்ந்து, "இன்று களைத்திருப்பீர்கள், நன்றி" என்பார். தொடக்கத்தில் எனக்கு இது பெரிய கூத்தாக இருந்தது. வேலை முடிந்தால் வீட்டுக்குப் போவதற்கு என்ன மன்னிப்பு? ஆனால் வருடங்கள் போகப் போக, அந்த ஒரு நிமிடத்துக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்று சொன்னாலும் பிழையில்லை. வீட்டில் நான் கதவைத் திறந்தாலும் பூட்டினாலும் கேட்க ஒருவரும் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாய் திறக்காமல் போன கிழமைகள் உண்டு. போகிறேன் என்று நான் சொல்ல, அதைக் கேட்டு நிமிர்ந்து பார்க்க இந்த லண்டனில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அந்த மேசை போனால் எனக்குப் போக இடமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அவருடைய மனைவி புதன்கிழமைகளில் வருவார். தோலுரித்த தோடம்பழம் ஒரு டப்பாவில் கொண்டுவருவார். சின்ன உருவம், மெல்லிய குரல். புது மாதிரி எதையாவது பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான். "இந்த வீட்டில் கோபம் வந்தால் எங்கே போவது?" அவர் தலை நிமிராமல், "தோட்டத்துக்கு" என்பார். மனைவி என்னைப் பார்த்துச் சிரிப்பார். இரண்டு பேரும் நாற்பது வருடத்துக்கு மேல் லண்டனில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை, உறவு இல்லை. மனைவிக்கு வருத்தம் வந்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஆன பிறகு அவர் புது வேலைகள் எடுப்பதை நிறுத்தினார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் தேடிப் போனார்கள். கடைசி மூன்று வருடமும் அந்த நீள அறையில் அவரும் நானும்தான். தேவைப்படும்போது மட்டும் ஒரு பொறியியலாளர் வந்து போவார், கோயம்புத்தூர்த் தம்பி.

ஒரு ஜனவரியில் மனைவி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். தகனத்துக்கு ஒன்பது பேர் வந்திருந்தோம். இரண்டு கிழமைக்கு அலுவலகம் இல்லை என்று அவர் சொன்னார். தகனம் முடிந்து எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நான் அவருடைய வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். புறப்படும்போது அக்கா போன் எடுத்தா.

"செத்த வீட்டுக்கெல்லே போறாய். தேத்தண்ணி கீத்தண்ணி குடியாதை. எழும்பேக்கை போட்டு வாறன் எண்டு சொல்லிப்போடாதை. வந்து தலையோடை முழுகு."

"அதெல்லாம் எனக்குத் தெரியும், அக்கா. நான் என்ன நேற்றுப் பிறந்தவளே?"

அவருடைய வீடு தேம்ஸுக்குத் தெற்கே ஒரு பின் சந்தில் இருக்கிறது. அவரே கட்டியது. ஒரே நீள அறை, கடைசியில் கண்ணாடி, அதற்கு அப்பால் ஒரு மரமுள்ள சின்னத் தோட்டம். வாசலில் நின்றால் முழு வீடும் தெரியும். மறைவாக இருப்பது குளியலறையும், அரைச்சுவருக்குப் பின்னால் உள்ள சமையல் மூலையும்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். தாழ்ந்த மேசை ஒன்றில் வெள்ளைத் துணியால் கட்டிய பெட்டி இருந்தது. உள்ளே சாம்பல் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவர்கள் நாற்பத்தொன்பது நாள்வரை வீட்டில் வைத்திருப்பார்களாம். நாங்கள் சாம்பலை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர மாட்டோம். எட்டு நாளாக அவர் அதோடு தனியாக இருந்திருக்கிறார்.

தரையில் மெத்தையில் இருந்தேன். அவரும் இருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்படியான வீட்டில் என்ன சொல்வது? எங்கள் பக்கத்தில் போய்ச் சும்மா இருப்பதுதான் விசாரிப்பு. அரை மணித்தியாலம் அப்படியே இருந்தோம். பிறகு அவர் எழுந்து, "தேநீர்" என்று மட்டும் சொல்லிவிட்டு அரைச்சுவருக்குப் பின்னால் போனார். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. அவர் முதுகு திரும்பியிருந்த நேரம் பார்த்து எழும்பினேன். பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினேன். அவர் செய்த கதவு, துளி சத்தம் போடாது. செய்யவேண்டியதை ஒழுங்காகச் செய்த திருப்தியோடு ரெயில் எடுத்து வந்து, தலையில் தண்ணீர் வார்த்தேன்.

புதன்கிழமை ஒரு பார்சல் வந்தது. உள்ளே கோடு போடுகிற என்னுடைய இரும்பு அடிமட்டம், அட்டை வெட்டும் கத்தி, பென்சில்கள், கதிரையில் தொங்கிய கம்பளிச் சட்டை. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தாளில் சுற்றியிருந்தது. அவருடைய கையெழுத்தில் ஒரு துண்டு. 'இருபத்தொரு வருடங்கள். நன்றி. இவை உங்கள் கைக்கு வேண்டியவை.'

நான் அந்தத் துண்டை நாலு தரம் வாசித்தேன். பிறகு அடிமட்டத்தைச் சுவரில் எறிந்தேன். பூச்சு உடைந்து விழுந்தது. மனைவி போய்விட்டார், இனி அலுவலகம் எதற்கு, இவள் எதற்கு என்று என்னையும் மாதிரியிலிருந்து எடுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். இருபத்தொரு வருடத்துக்கு ஒரு பார்சல்! முகத்தைப் பார்த்துச் சொல்ல வாயில்லையா? ஒரு நாய்க்குட்டியை வேண்டாம் என்று விடுவதென்றாலும் ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்களே.

அக்கா சொன்னா. "ஒருக்கா போன் பண்ணிக் கேளன். என்ன ஏது எண்டு தெரியாமல் நீயா ஒண்டை நினைச்சுக்கொண்டு இருக்கிறாய்."

"ஏலாது. அனுப்பினவர் கூப்பிடட்டும்."

"உனக்கு வாய்க்கொழுப்பு. அந்த மனுசன் பெண்சாதியைப் பறிகுடுத்திட்டு இருக்கு."

"அதுக்கு நான் என்ன செய்ய? நான் போய்ப் பார்த்தன்தானே. முறையாத்தானே போய் வந்தன்."

அக்கா போனை வைத்துவிட்டா. அப்படி ஐந்து கிழமை போனது. காலையில் வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வரும். எழும்பி, குளித்து, தேநீர் போட்டு, பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் ஜன்னலடியில் நிற்பேன். எதிரே உள்ள பஸ் தரிப்பில் நான் ஏறுகிற பஸ் வந்து நின்று போகும். கடைக்குப் போனால் காசு வாங்குகிறவர் "கார்டா காஷா" என்று கேட்பார். அது அன்றைக்கு என்னோடு பேசிய ஒரே பேச்சாக இருக்கும். பின்னேரமானால் தாங்க முடியாது. சுவரில் வெயில் சரிகிற நேரம், யாரிடமாவது போய் நின்று போகிறேன் என்று சொல்லவேண்டும் போல் இருக்கும். அழுகை வரும். அழுகை வந்தால் கோபமும் கூடவே வந்துவிடும். கோபம் வந்தால் கொஞ்சம் சுகமாக இருக்கும், அதனால் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை காலை, பொறியியலாளர் தம்பி போன் எடுத்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. சார் வீட்லேருந்து சொல்லாம கொள்ளாம கிளம்பி வந்துட்டீங்களாமே?"

"ஓம் தம்பி. செத்த வீடெல்லோ. சொல்லிக்கொண்டு வரக்கூடாதெல்லோ?"

அந்தப் பக்கம் தம்பி நெற்றியில் அடித்துக்கொள்வது கேட்டது.

"ஐயோ, ஆமாக்கா. துக்க வீட்ல யாரு சொல்லிட்டு வருவாங்க. எங்க ஊர்லயும் அப்படித்தான். எனக்கே இது தோணல பாருங்க. ஆனா அவருக்கு எப்படிக்கா தெரியும்?"

நான் கட்டிலில் போய் இருந்தேன்.

"டீ போட்டு எடுத்துட்டு வந்திருக்கார், நீங்க இல்ல. பாத்ரூம் போயிருப்பீங்கன்னு நெனச்சு உக்காந்திருக்கார். இருட்டுற வரைக்கும் உக்காந்திருந்தேன்னு நேத்து அவர் வாயாலயே சொன்னார். அந்த வீட்ல மொத்தமே ரெண்டு கோப்பைதான் இருக்கு, உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். ஒன்று அவருடையது. மற்றதில் எனக்குத் தேநீர் ஊற்றியிருக்கிறார்.

"செவ்வாய்க்கிழமை அம்மாவோட அஸ்தியை எடுத்துட்டு ஜப்பான் கிளம்பறார். திரும்பி வர்ற மாதிரி தெரியலக்கா. நீங்க இன்னிக்கே போங்க."

சீப்பெடுத்துத் தலை இழுத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று நினைவில்லை. ரெயிலில் முழுநேரமும் சொல்லவேண்டியதை ஆங்கிலத்தில் அடுக்கிப் பார்த்தேன். எங்களுக்குள் பேச்சு எப்போதும் ஆங்கிலம்தான். இரண்டு பேருக்கும் அது இரவல் சட்டை, சரியாகப் பொருந்தாது. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். மெலிந்துபோயிருந்தார். எழுபத்தொன்பது வயது என்பது அன்றுதான் முகத்தில் தெரிந்தது. நான் இருக்கவில்லை. வாசலுக்குள் நின்றபடியே சொன்னேன்.

"எங்கள் ஆட்கள் மரணம் நடந்த வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்ல மாட்டோம். சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு மரணத்துக்கு வருவேன் என்று ஆகிவிடும். அங்கே ஒன்றும் குடிக்கவும் மாட்டோம். உங்களுக்கு இன்னொரு துக்கம் வரக்கூடாது என்றுதான் சொல்லாமல் எழும்பினேன். வேறு ஒரு காரணமும் இல்லை."

அவர் அரைச்சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்படியென்றால் அது மரியாதை" என்றார்.

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். "மரியாதைதான்."

அவர் தரையில் இருந்தார். நானும் இருந்தேன். "நான் உங்களைத் தேடினேன்" என்றார். "இந்த வீட்டில் ஒருவரைத் தேடவே முடியாது. நின்ற இடத்திலிருந்து எல்லாம் தெரியும், அப்படித்தான் கட்டினேன். ஆனாலும் தேடினேன். குளியலறையில் பார்த்தேன். தோட்டத்தில் பார்த்தேன். பிறகு அலுமாரியைத் திறந்தேன். நீங்கள் ஏன் அலுமாரிக்குள் இருக்கப்போகிறீர்கள்? இருந்தும் திறந்தேன்."

அலுமாரியில் மனைவியின் குளிர் கோட் தொங்கியதாம். கையில் எடுத்தால் கனமாக இருந்ததாம். எழுந்து போய் அதைக் கொண்டுவந்து பைகளில் உள்ளதை எல்லாம் மேசையில் வைத்தார். அவருடைய பென்சில் கட்டைகள், ஒரு பித்தளைக் கொக்கி, பூட்டில்லாத பழைய திறப்பு, ஒரு சிப்பி, இரண்டு பொத்தான், கண்ணாடிக்குமிழ் ஒன்று. "எல்லாம் நான் வேண்டாம் என்று எடுத்துப் போட்டவை. நாற்பது வருடமாக இங்கே சேர்த்து வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. எட்டு நாளாக எனக்கு அழுகை வரவில்லை. அன்று பின்னேரம்தான் வந்தது."

நான் அழுதுகொண்டிருந்தேன். ஆனாலும் என் குணம் விடுமா? "எனக்கு ஏன் பார்சல் அனுப்பினீர்கள்?" என்று கேட்டேன்.

"சொல்லாமல் போனவர் வேலையை விட்டுவிட்டார், கருவிகளைக் கேட்டு வரக் கூச்சப்படுவார் என்று நினைத்தேன். கை சும்மா இருந்தால் உங்களுக்குக் கோபம் வரும் என்றும் தெரியும். கருவிகளை மட்டும்தான் அனுப்பினேன். உங்கள் மேசையை நான் தொடவில்லை."

"ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே."

"போக நினைத்தவரை வா என்று கூப்பிடுவது எனக்குத் தெரியாத காரியம். அதனால் காத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அலுவலகத்துக்குப் போய்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தேன். நீங்கள் வந்தால் சாம்பலைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வருவது, இருக்கிற வேலையை இரண்டு பேருமாக முடிப்பது. வராவிட்டால் மூடுவது. அலுவலகக் கட்டடத்தின் சொந்தக்காரர் இரண்டு தரம் தவணை தந்தார். இனிப் பொறுக்க முடியாது என்றார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அலுவலகத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைத்தேன்."

"முந்தாநாளா?"

"முந்தாநாள். நேற்றுத் தச்சர் வந்து மேசைகளைக் கொண்டுபோய்விட்டார்."

நான் என் வாழ்க்கையில் யாரிடமும் கேட்காததை அன்று கேட்டேன். புருஷன் பெட்டி கட்டியபோதுகூடக் கேட்கவில்லை. "போகவேண்டாம்" என்றேன். "எனக்கு இந்த ஊரில் வேறு ஒருவரும் இல்லை."

"எனக்கும் இல்லை" என்றார். ஆனால் அங்கே ஊரில் அவர் இருக்க இடம் சொல்லியாகிவிட்டது. இந்த வீட்டை வாங்க ஆள் வந்தாகிவிட்டது. அந்த வயதில் ஒருவர் இரண்டாம் முறை எல்லாவற்றையும் கழற்றிப் பூட்ட முடியாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை அவர் போய்விட்டார்.

இப்போது நான் லெய்ட்டனில் ஒரு சமையலறைக் கடையில் படம் வரைகிறேன், கணினியில். ஆட்கள் நல்லவர்கள். ஐந்தரை மணிக்கு எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு போவோம், யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்வதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசிக்காத நாள் இல்லை. வீட்டில்தான் இருந்தேன். அன்று மத்தியானம் எனக்குப் பொறுக்கவில்லை. அலுவலகத்துக்கே போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவோம் என்று உடுத்து, தலை இழுத்து, கைப்பையை எடுத்து, சப்பாத்தும் போட்டுவிட்டேன். ஒரே பஸ், நாற்பது நிமிடம். என் வீட்டுக் கதவடி வரை போனேன். பிறகு, அவரே கூப்பிடட்டும் என்று சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து கட்டிலில் இருந்தேன்.